ஒன்பதாவது கேள்வி

செவ்வாய்க்கிழமையிலிருந்து கடதாசி இல்லை.
வேண்டுகைப் படிவம் இனித் திரையில்தான் என்று
கொழும்பிலிருந்து வந்த பெடியன்
ஒருநாள் முழுக்கச் சொல்லித்தந்துவிட்டு
மாங்குளம் ஸ்டேஷனில் பின்னேர ரயில் பிடித்தான்.

நல்லதுதான்.
கடதாசியில் எனக்குக் காதல் ஒன்றும் கிடையாது.
கறையான் தின்ற அலுமாரியைக் கூட்டி அள்ளியவள் நான்.
டொக்டரின் எழுத்து முழங்காலா முழங்கையா என்று
மூன்று பேர் தலை முட்ட நின்று வாசித்ததுண்டு.
கூரை ஒழுகிய மார்கழியில்
ஒருத்தியின் பெயர் ஊறி
இன்னொருத்தரின் நெஞ்சில் ஒட்டிக்கிடந்ததுண்டு.
துணுக்காயிலிருந்து விடியப்புறம் வெளிக்கிட்டு வந்தவரை
"படிவம் துலைஞ்சு போச்சு, நாளைக்கு வாங்கோ" என்று
திருப்பி அனுப்பியதுண்டு.
நான்தான்.

இப்போது இலக்கத்தை அடித்தால் ஆள் வருகிறார்.
கரண்ட் நின்றால் நிற்கிறார்,
வந்ததும் விட்ட இடத்திலிருந்து வருகிறார்.

யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும்
எம்ஆர்ஐ படிவத்தில் பதினொரு கேள்வி.
ஒன்பதாவது:
உடலில் உலோகம் உண்டா?
கீழே சின்ன வட்டங்கள் இரண்டு.
"இல்லை" என்ற வட்டத்துக்குள்
புள்ளி முதலே குத்தியிருக்கிறது.

யாரோ நல்ல மனதோடுதான் குத்தியிருக்க வேண்டும்.
நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேர் இல்லை என்பார்கள்,
எழுதுகிற பிள்ளைக்கு ஒரு அமத்தல் மிச்சம்.
அவன் எண்ணிய நூறு பேர்
எந்த ஊரோ.

கோணேஸ்வரி. ஐம்பத்திரண்டு. ஒலுமடு.
தலையிடி, இடக்கை விறைப்பு.
"பீஸ் ஏதும் இருக்கோ அம்மா?"
"எதைப் பிள்ளை கேக்கிறீர்?"
இடுப்பைத் தொட்டுக் காட்டினா.
தோளுக்குப் பின்னால் எட்டாத இடத்தை
நாடியால் காட்டினா.
"தலையிலயும் ஒண்டு எண்டவை.
எடுத்தவையோ விட்டவையோ தெரியாது.
மருந்து முடிஞ்சு போச்சு,
நான் பாட்டுக்கு மயங்கிப் போனன்."

அந்த மெசின் ஒரு பெரிய காந்தம்.
பதினைந்து வருடம் அசையாமல் படுத்திருந்தது
அதற்குள் போனால் நடக்கத் தொடங்கும்.

பழைய பெட்டிகளை ஸ்கான் பண்ணி ஏற்றியதும் நான்தான்.
பெயரை அடித்துத் தேடினேன்.
கொப்பி ஒற்றையிலும் மருந்துப் பெட்டி மட்டையிலும்
எழுதிக்கொடுத்த காலத்துப் படிவங்கள்
எந்த அலுமாரிக்கும் வந்து சேரவில்லை.
பதிவுகள் இல்லை, என்றது திரை,
நல்ல தெளிவான எழுத்தில்.

டொக்டரிடம் சொல்லி
சாதாரண எக்ஸ்ரே ஒன்றுக்கு முதலில் அனுப்பினோம்.
விமலேந்திரன் அண்ணை படத்தைத் திறந்து
கதிரையைத் தள்ளி எனக்கு இடம் விட்டார்.
காதுக்கு மேலே
குறுணல் அரிசி அளவில்
ஒரு வெள்ளை.

பெடியனுக்குப் போன் எடுத்தேன்.
அந்தப் புள்ளியை எடுத்துவிடு தம்பி,
இரண்டு வட்டமும் வெறுமையாய்க் கிடக்கட்டும்.
"அக்கா, அது நாடு முழுக்க ஒரே படிவம்.
மாத்துறதெண்டால் வேண்டுகை ஒண்டு போடோணும்."
எங்கே போட?
"அது மட்டும் கடதாசியில அக்கா.
மூண்டு பிரதி."

போட்டிருக்கிறேன்.
மூன்றாவது பிரதியில் காபன் பிடிக்கவில்லை,
மேலால் பேனையால் எழுதினேன்.

அதுவரைக்கும் திரையின் ஓரத்தில்
பிளாஸ்டர் துண்டொன்று ஒட்டி, "கேள்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இன்று ஷாரங்கன், பதின்நான்கு வயது.
பந்தடியில் முழங்கால் திரும்பிவிட்டது.
கேட்டேன்.
"என்ன பீஸ் அக்கா?"
தாய் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றா.
இரும்பு, தகரம், ஏதாவது உடம்புக்குள்ளே?
சிரித்தான். "ஒண்டுமில்லை."

புள்ளி "இல்லை"யில்தான் இருந்தது.
"ஆம்" வரைக்கும் கொண்டுபோய்
திரும்பவும் "இல்லை"யில் குத்தினேன்.
இது அவன் சொன்னது.